செவலையின் நடை

கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும்போது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஓர் எந்திர நாய் செய்தோம். கணினி அறிவியல் துறையில் பெரும்பாலும் நூலகத்துக்கு ஒரு செயலி, விடுதிச் சாப்பாட்டுக்கு ஒரு செயலி என்றுதான் புராஜெக்ட் செய்வார்கள். நாங்கள் நாய் என்றதும் எங்கள் வழிகாட்டியான மேடம் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "ஓடலைன்னாலும் பரவாயில்ல, நடந்தாப் போதும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நான் கண்டரமாணிக்கம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் காரைக்குடிக்கு வந்து போகிறவள். அப்பாவுக்கு விவசாயம், கூடவே மாடுகள். இன்னொருத்தி தூத்துக்குடிப் பெண், விடுதியில் இருந்தாள். நிரல் எழுதுவதில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. மூன்றாவது ஆள் கீழச்சிவல்பட்டிக்காரன். சின்ன வயதிலேயே வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவன். நாய்க்குக் கால் செய்து மோட்டார் பொருத்துவது அவன் வேலை. அந்தக் கால்களை அசைக்கும் நிரல் தூத்துக்குடிக்காரியுடையது. உண்மையான நாய் எப்படி நடக்கிறது என்று பார்த்து, அந்தக் கணக்கை அவளுக்கு எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

உண்மையான நாய்க்கு எங்களிடம் பஞ்சமில்லை. வளாகத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றிக்கொண்டிருந்தன. அதில் ஒரு பெட்டை நாய், செம்மண் நிறம், எல்லோரும் செவலை என்று கூப்பிடுவார்கள். யாரையும் பார்த்துக் குரைக்காது. கீழச்சிவல்பட்டிக்காரன் தினமும் தன் டிபன் டப்பாவில் அதற்கென்று ஒரு பங்கு கொண்டுவருவான். அவன் கூப்பிட்டால் அது எங்கே இருந்தாலும் வரும். அதனால் அதையே படம் பிடிப்பது என்று முடிவு செய்தோம்.

அந்தச் சமயத்தில் புதிய கலையரங்கத்தின் முன்கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் கூடம் முடிந்திருந்தது. சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும் சதுரங்கள், எல்லாம் ஒரே அளவு. அதைப் பார்த்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம். வீடியோவில் நாய் எவ்வளவு தூரம் கால் எடுத்து வைக்கிறது என்று அளக்கத் தனியாகக் கோடு போட வேண்டியதில்லை. கல்லை எண்ணினாலே போதும். வேலைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, முடிந்த பக்கத்தில் செவலையை நடக்கவிட்டோம். ஒரு முனையில் அவன் பிஸ்கட்டோடு உட்காருவான். மறுமுனையில் தூத்துக்குடிக்காரி அதைப் பிடித்து வைத்திருந்து விடுவாள். நான் பக்கவாட்டில் போனை நிறுத்திப் படம் எடுப்பேன்.

வீடியோவில் நாயின் மூட்டுகளைத் தேடி ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைக்கும் மென்பொருள் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. நாய் நடக்க நடக்க அந்தப் புள்ளிகள் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும். செவலையின் கோடுகள் அவ்வளவு அழகாக இருந்தன. நாலு காலும் நாலு நிறத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, சீராக அலையடித்தன. தூத்துக்குடிக்காரி அதை நிரலில் ஏற்றினாள். தைப் பொங்கல் முடிந்து வந்தபோது எந்திர நாய் ஆய்வகத் தரையில் முதல் தடவை விழாமல் நடந்தது. கறுப்பு பிளாஸ்டிக் கால்கள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேமரா, முதுகில் வயர் கூட்டம். ஆனால் நடை செவலையின் நடை. பின்பக்கத்தைக் கொஞ்சம் ஆட்டி, முன்காலைத் தயங்கித் தயங்கி வைக்கும் அதே நடை. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

வெளியே கொண்டுபோனபோது மற்ற நாய்கள் தூரத்தில் நின்று குரைத்தன. செவலை மட்டும் பக்கத்தில் வந்து மோந்து பார்த்துவிட்டு, அதோடு கூடவே நடந்தது.

மாசி மாதம் இறுதி மதிப்பீடு. அதற்குள் வேகநடையும் சேர்க்க வேண்டும் என்று மேடம் சொன்னார். ஆகவே ஒரு வாரம் தினமும் சாயந்திரம் செவலையைத் திரும்பவும் படம் பிடித்தோம். முன்கூடத்தில் கடைசி வரிசைக் கற்களைப் பதித்துக்கொண்டிருந்தார்கள். எந்திர நாயையும் கூட்டிப்போய் எதிரே நிறுத்தி அதன் கேமராவையும் ஓடவிட்டோம்.

அந்த வாரத்தின் முதல் நாளே வலது பின்னங்காலின் கோடு சரியாக வரவில்லை. மற்ற மூன்றும் ஏறி இறங்க, அது மட்டும் உயரக் குறைவாக ஏறியது. மறுநாள் இன்னும் குறைந்தது. நான் மென்பொருளைத்தான் சந்தேகப்பட்டேன். சாயந்திர வெளிச்சம் குறைவு, கல் பளபளவென்று இருக்கிறது, நிழலைக் காலென்று எடுத்துக்கொள்கிறது என்று நினைத்தேன்.

"அது சும்மா இரைச்சல்தான் புள்ள, அளவுல வர்ற பிசிறு. சராசரி எடுத்து வழவழன்னு ஆக்கிடு" என்றாள் தூத்துக்குடிக்காரி.

அப்படியே செய்தேன். கோடு அழகாகிவிட்டது. எந்திர நாயில் ஏற்றிப் பார்த்தால் மட்டும் அது வலதுபக்கம் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அவன் மோட்டாரை மாற்றினான். காலைக் கழற்றி, 3டி பிரிண்டரில் புதிதாக அச்செடுத்துப் பொருத்தினான். அந்தப் புதிய காலின் ஓரங்களை நான்தான் பிளேடால் சீவிக் கொடுத்தேன். விரலில் இரண்டு மூன்று இடத்தில் கீறிக்கொண்டேன். அப்போதும் அது சாய்ந்துதான் நடந்தது.

நான்காவது நாள் செவலை எந்திர நாயைக் கடித்தது.

எந்தச் சீண்டலும் இல்லை. எந்திர நாய் சும்மா நின்றுகொண்டிருந்தது. செவலை அவன் கொடுத்த பிஸ்கட்டை மோந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் விட்டது. பிறகு நேராக வந்து எந்திரத்தின் முன்னங்காலைக் கவ்வி உதறியது. உறுமல்கூட இல்லை. இத்தனை மாதத்தில் அது யாரிடமும் பல்லைக் காட்டி நாங்கள் பார்த்ததில்லை. அவன் அதட்டியதும் விட்டுவிட்டுப் போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டது. கல் பதிக்கிறவர்கள் சிரித்தார்கள். "சக்களத்தியப் பாத்தா சும்மா விடுமா" என்றார் ஒருவர். நாங்களும் சிரித்தோம். எந்திரத்தின் காலெல்லாம் எச்சில், நுரை நுரையாக. நான் என் கைக்குட்டையை எடுத்துத் துடைத்து, மோட்டாருக்குள் போய்விடக் கூடாதென்று இடுக்கிலெல்லாம் விரலை விட்டு வழித்தேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் நான் ஆய்வகத்துக்குப் போனபோது அவன் இல்லை. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் இருக்கிறான் என்று சொன்னார்கள். போனேன். செவலை புளியமரத்தடியில் படுத்திருந்தது. அவன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் போன் வெளிச்சத்தைப் பிடித்து, இன்னொரு கையை அதன் வாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தான். மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது. செவலை கடிக்கவில்லை. அதன் கீழ்த்தாடை கழன்றதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கம்பிபோல எச்சில் வடிந்து அவன் பேண்ட்டை நனைத்திருந்தது.

"எலும்பு சிக்கியிருக்கு போல. காலைலேருந்து தண்ணிகூட இறங்கல. ஆனா கைக்கு ஒண்ணும் தட்டுப்பட மாட்டேங்குது" என்றான்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் வீட்டுப் பசு ஒன்று இப்படித்தான் வாயைத் திறந்தபடி நின்றது. அப்பா, தொண்டையில் பனங்கொட்டை சிக்கிக்கொண்டது என்று நினைத்துக் கையை விட்டுப் பார்த்தார். பனங்கொட்டை இல்லை. முதலில் பின்னங்கால்கள் தளர்ந்தன. பிறகு அது கத்திய சத்தம் மாட்டின் சத்தமாகவே இல்லை. அது செத்த பிறகுதான், சில வாரங்களுக்கு முன் வயலில் ஒரு நாய் அதன் காலைக் கடித்தது தெரியவந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் அப்பா சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அம்மா வேலையை நிறுத்திவிட்டு, தண்ணீர் இறங்குகிறதா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"கையை எடு" என்றேன்.

"இரு, இன்னும் கொஞ்சம் உள்ள..."

"கையை எடுடா. அது எலும்பு இல்ல."

வெறியாக இருக்கும் என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. வெறி பிடித்த நாய் எல்லோரையும் விரட்டிக் கடிக்கும், இது பாவம் மடியில் படுத்திருக்கிறது என்றான். எல்லா நாய்க்கும் அப்படி வராது, சிலது இப்படி அடங்கித்தான் போகும் என்று நான் சொன்னேன். அவன் பைப்பில் கை கழுவினான். சோப்புப் போடு என்று நான் சொல்லச் சொல்ல எரிச்சலோடு போட்டான். அவன் விரல்களில், வயர் பற்றவைக்கும் சால்டரிங் சூடு பட்ட கொப்புளங்கள் உடைந்து சிவப்பாக இருந்தன. நகங்களை அவன் கடித்துக் கடித்துச் சதைவரை தின்றிருப்பான். அன்றைக்குத்தான் அவற்றை நான் சரியாகப் பார்த்தேன்.

சாயந்திரம் ஆய்வகத்தில் உட்கார்ந்து, அந்த வாரத்துக் கோடுகளை நான் வழவழப்பாக்குவதற்கு முன் இருந்தபடி எடுத்து, நாள்வாரியாக ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். மென்பொருள் எங்கேயும் தவறு செய்யவில்லை. வலது பின்னங்கால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையோடு படிந்துகொண்டே வந்தது. நான்காவது நாளில் இடது பின்னங்காலும் சேர்ந்திருந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மென்பொருள் அதை அங்கே வரைந்து வைத்திருந்தது. தூத்துக்குடிக்காரி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "அடிப்பாவி" என்று மட்டும் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் செவலை மரத்தடியில் இல்லை. அவன்தான் கண்டுபிடித்தான். கல்லூரிக்குப் பின்னால் கருவேலங்காட்டைத் தாண்டி ஓர் ஊருணி உண்டு. அதன் கரையில் செத்துக் கிடந்ததாம். எங்களிடம் சொல்லும்போது அவன் அதைப் புதைத்துவிட்டு வந்திருந்தான். முழங்கை வரை செம்மண்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா" என்றேன்.

"எதுக்கு? அது என்னையக் கடிக்கவே இல்ல."

"எச்சில் பட்டா போதும்டா. கையெல்லாம் புண்ணா வச்சிருக்க."

"போனா எங்க, எந்த நாயின்னு கேப்பாக. காலேஜுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? வண்டிய வச்சு மிச்ச நாயெல்லாம் பிடிச்சுட்டுப் போயிருவாக. அதுக என்ன பாவம் பண்ணுச்சு?"

அவனுக்கு அந்த நாய்களின் மேல் இருந்தது வெறும் பிரியம் என்று சொல்ல முடியாது. விடுமுறையில்கூட கீழச்சிவல்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து சோறு வைத்துவிட்டுப் போவான். அவன் சொன்னது நடக்கும் என்று எனக்கும் தெரிந்திருந்தது. எச்சிலை வழித்த விரலில் எனக்கும் கீறல் இருக்கிறது, நானும் போட்டுக்கொள்கிறேன், நீயும் வா, வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். மதிப்பீடு முடியட்டும் என்றான். அன்றைக்கு மத்தியானம் நான் மட்டும் அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் அவன் ஒன்றுமே நடக்காததுபோல எந்திரத்துக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு தடவை அவன் போனில் சார்ஜ் தீர்ந்தபோது என் போனில் அவன் அம்மாவோடு பேசியிருந்தான். எண் இருந்தது. கூப்பிட்டேன்.

"யாரு பேசுறது?"

"அம்மா, நான் உங்க மகன்கூடப் படிக்கிறேன்ம்மா. அவனுக்கு ஒண்ணுமில்ல, நல்லாருக்கான். ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுத்தா."

சொன்னேன். முடிந்ததும், "அந்த நாயி செத்துப்போச்சாத்தா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"அவன் எங்க இருக்கான் இப்ப?"

"லேப்ல."

"அங்குட்டே இருக்கச் சொல்லு. நான் வாரேன்."

அவர் வந்தபோது நாங்கள் ஆய்வகத்தில் இருந்தோம். தோட்ட வேலைக்குக் கட்டியிருந்த சேலையிலேயே வந்திருந்தார். மகனைத் திட்டவில்லை. அவன் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கையை விடாமலே, "வா" என்றார். அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு அவன் என்னோடு பழையபடி பேசியதே இல்லை.

மருத்துவமனையில் அவன் கையைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. தடுப்பூசி மட்டும் போதாது, புண்ணைச் சுற்றியும் வேறு ஒரு மருந்தை ஏற்ற வேண்டும் என்றார். நாயின் உடல் எங்கே என்று கேட்டார். புதைத்துவிட்டதைச் சொன்னான்.

"மூளையச் சோதிச்சாத்தான் உறுதியாத் தெரியும். இப்ப அதுக்கு வழியில்ல. இருந்துச்சுன்னே வச்சுக்கிட்டுப் போட வேண்டியதுதான். ஒரு ஊசியும் விடக் கூடாது."

கொப்புளங்களைச் சுற்றி விரல் விரலாக ஊசி ஏற்றினார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் விரல் கீறலையும் காட்டியபோது நர்ஸ் கேட்டார், "வேற யார் யார் அந்த நாயத் தொட்டீங்க?"

மூன்று பேர்தான் என்றேன். தூத்துக்குடிக்காரிக்கும் போடச் சொன்னார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு வேறு யோசனை வந்தது. அந்த வாரம் முழுக்க எந்திர நாயின் கேமரா ஓடிக்கொண்டிருந்ததே.

தூத்துக்குடிக்காரியும் நானும் அந்தப் பதிவுகளை முதலிலிருந்து பார்த்தோம். எந்திரம் நாய் உயரத்திலிருந்து பார்ப்பதால் எல்லாம் கால்களாகத்தான் தெரிந்தன. எங்கள் செருப்புகள், சாந்துச் சட்டி, மண்வெட்டி. செவலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய் வந்தது. மூன்றாவது நாள் பதிவில், ஓர் ஓரத்தில், கல் பதிக்கிறவர் ஒருவர் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். செவலை அவரிடம் போனது. அவருடைய கணுக்காலுக்கு மேலே வெள்ளையாக ஒரு புண். செவலை அதை நக்கியது. அவர் தடுக்கவில்லை. நக்கட்டும் என்று காலைக் கொஞ்சம் நீட்டிக்கூடக் கொடுத்தார். வெகு நேரம் நக்கியது.

தூத்துக்குடிக்காரி வீடியோவை நிறுத்தினாள். "இவர் முகம் எங்கயாவது வருதா பாரு" என்றாள்.

முன்கூட வேலை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். காண்ட்ராக்டரிடம் கேட்டு, கல் வந்த பட்டறையின் இடத்தைத் தெரிந்துகொண்டு ஆத்தங்குடிக்குப் பஸ் ஏறினோம். பட்டறையில் ஒருவர் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்துச் சாயச் சாந்தை ஊற்றிக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீருக்குள் ஊறும் கற்கள் வரிசையாக நின்றன. முதலாளியிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். முகம் பாதிதான் விழுந்திருந்தது.

"இது நம்ம ஆளுதான். அவரு இப்ப இங்குட்டு இல்லையேம்மா. பாலக்காட்டுல ஒரு வீட்டுக்குத் தளம் போடப் போயிருக்காரு. என்ன விஷயம்?"

சொன்னதும் அவரே எண்ணைப் போட்டுக் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார். பின்னால் கல் அறுக்கும் மெஷின் சத்தம்.

"அண்ணே, நான் காரைக்குடியிலேருந்து பேசுறேன். காலேஜுல கல் பதிச்சீகல்ல, அங்க படிக்கிற பிள்ள."

"ஆங், நாயப் படம் எடுத்தீகளே. சொல்லு தாயி."

"அந்தச் செவலை நாய் உங்க கால் புண்ண நக்குச்சுண்ணே. ஞாபகம் இருக்கா?"

"நக்கும். நாய் நக்குனா புண்ணு ஆறிரும்னு சொல்லுவாக. சிமெண்டுப் புண்ணு தாயி இது. எப்பவும் இருக்கும்."

"அது செத்துப் போச்சுண்ணே. வெறி பிடிச்சிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. நீங்க உடனே நாய்க்கடி ஊசி போட்டுக்கணும்."

அவர் மெஷினை விட்டுத் தள்ளி வந்து பேசினார். "கடிக்கவே இல்லையேம்மா."

"கடிக்க வேண்டியதில்லண்ணே. நாங்க மூணு பேரும் போட்டுக்கிட்டோம்."

"இங்குட்டு ஆஸ்பத்திரி எங்குட்டு இருக்குன்னே தெரியாது எனக்கு. பாஷையும் தெரியாது. மேஸ்திரிகிட்ட கேட்டுப் பாக்குறேன்."

அதற்குப் பிறகு நான் தினமும் கூப்பிட்டேன். ஒரு நாள் எடுத்து, "போட்டாச்சு தாயி, முத ஊசி போட்டாச்சு" என்றார். மேஸ்திரி கூட்டிப்போனாராம். கை வலிக்கிறது, சாந்துச் சட்டி தூக்க முடியவில்லை என்றார். அடுத்த ஊசி எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். சரி என்றார். அடுத்த வாரம் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்து அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. பட்டறைக்காரரிடம் கேட்டால், பாலக்காட்டு வேலை முடிந்து வேறெங்கோ போயிருக்கிறார், தன்னிடமும் புது எண் இல்லை என்றார்.

கல்லூரிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நாய்களில் எத்தனையைச் செவலை கடித்ததோ யாருக்குத் தெரியும். மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாளில் கம்பி வலை போட்ட வண்டி வந்தது. அவன் சோறு வைக்கும் இடத்திலேயே சோறு வைத்துத்தான் பிடித்தார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அவன் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவை திரும்பி வரவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வளாகத்தில் குரைப்புச் சத்தமே இல்லாமல் போனது.

மதிப்பீட்டில் எங்களுக்கு நல்ல மதிப்பெண். பழைய பதிவுகளை மட்டும் வைத்து நடையைச் சரிசெய்திருந்தோம். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் எந்திர நாய் போவதையே குனிந்து பார்த்துவிட்டு, "உயிருள்ள மாதிரியே போகுதே" என்றார். அவன் குனிந்து வயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். தூத்துக்குடிக்காரிதான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள்.

ஊசிகள் முடிந்த பிறகும் பயம் முடியவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்துப் பார்ப்பேன். இறங்கும். அன்றைக்கு நிம்மதி. வீட்டில் அம்மா அதைக் கவனித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போனார். ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நாலாம் நாள் கேண்டீனில் எனக்கு எதிர்மேசையில் உட்கார்ந்தான். நான் பார்ப்பது தெரிந்து தண்ணீர் ஜக்கை எடுத்து, என் கண்ணையே பார்த்தபடி, அண்ணாந்து முழுவதையும் குடித்து முடித்தான். ஜக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். பட்டம் வாங்கிய நாளில் அவன் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவன் சற்றுத் தள்ளி நின்றான். இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான், நன்றாக இருக்கிறான் என்று தூத்துக்குடிக்காரி மூலம் தெரியும்.

நான் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை புது எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

"தாயி, நாந்தான், ஆத்தங்குடிக் கல் வேலை. நாய்க்கடி ஊசிக்குப் போன் பண்ணிக்கிட்டே இருந்தீகளே."

அவர் குரல் தெளிவாக இருந்தது. பழைய போன் சாந்துத் தண்ணிக்குள் விழுந்துவிட்டதாம். என் எண்ணைக் காண்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கினாராம். மகள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள், கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்கிறாள், அந்தக் காலேஜில் சேர்க்கலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார்.

"சேக்கலாம்ண்ணே. ஊசியெல்லாம் முழுசாப் போட்டுட்டீகளா?"

"ரெண்டு போட்டேன் தாயி. அப்பறம் வேலை திருச்சூருக்கு மாறிருச்சு. அங்குட்டு யாரப் போய்க் கேக்க? அதான் ஒண்ணும் ஆகலையே."

ஒரு வருடத்துக்குப் பிறகும் வரலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வராமலே போகவும் போகலாம். அந்த நாய்க்கு என்ன நோய் என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

"அண்ணே, இப்ப ஊர்லதான இருக்கீக? நாளைக்கே காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போயி, நடந்ததச் சொல்லி, என்ன செய்யணும்னு கேளுங்க. எனக்காகப் போங்க."

"சரி தாயி, போறேன். இந்தா, மககிட்டப் பேசுங்க. காலேஜப் பத்தி அவளுக்குச் சொல்லுங்க."

போன் கை மாறியது. ஒரு சின்னக் குரல், "அக்கா" என்றது.

"உங்கப்பாவ நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா? அந்த ஊசி விஷயமா" என்றேன்.

"என்ன ஊசிக்கா?" என்று கேட்டாள். "அப்பா எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே."

வாசலுக்குப் போய்ப் பேசச் சொன்னேன். அவள் நடந்து போவதும் கதவு திறப்பதும் கேட்டன. பிறகு, ஆத்தங்குடிக் கல் பதித்த அந்த முன்கூடத்திலிருந்து தொடங்கி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.